வியோலெட்: ஒரு ஹைட்டி கால்பந்து கிளப்பின் வரலாற்றை எப்படிப் படிப்பது?

வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கால்பந்துக் கூட்டமைப்பு இருக்கிறது, பெயர் கான்ககாஃப். அது நடத்தும் கிளப் சாம்பியன் போட்டியின் பழைய பட்டியலில் 1984-க்கு நேரே பார்த்தால் வியோலெட் என்று இருக்கும். ஹைட்டியின் தலைநகரான போர்ட் ஓ பிரின்ஸைச் சேர்ந்த கிளப் அது. பக்கத்தில் இறுதிப் போட்டியின் ஸ்கோர் வர வேண்டிய இடம் காலி. இறுதிப் போட்டி நடக்கவே இல்லை.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு, ‘சும்மா கையில் விழுந்த கோப்பை’ என்றுதான் தோன்றும். அந்த எண்ணத்தோடு பக்கத்தை மூடிவிட்டால் கரீபியக் கால்பந்து கடைசிவரை பிடிபடாது. ஏனென்றால் அந்த ஊர் கிளப்புகளின் வரலாற்றைக் கோல்களை வைத்து மட்டும் எழுத முடியாது. விமான டிக்கெட், விசா, தேதி ஒத்துவராத சண்டை, ஆட ஒரு மைதானம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி, இத்தனையும் கோலுக்குச் சமமாக முடிவைத் தீர்மானித்திருக்கின்றன. வியோலெட் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆடாமல் கிடைத்த கோப்பையும் இந்த கிளப்பிடம் இருக்கிறது, கோப்பை கிடைக்காவிட்டாலும் யாரும் எதிர்பார்க்காத ஒரு வெற்றியும் இருக்கிறது. ஐரோப்பிய லீக்குகளை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படையிலிருந்தே சொல்கிறேன்.

கரீபியன் என்றதும் நம் ஆட்களுக்கு வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். கிரிக்கெட்டில் பல தீவுகள் சேர்ந்து ஒரே அணியாக ஆடுகின்றன. கால்பந்தில் அந்தக் கதையே கிடையாது. ஜமைக்கா தனி, டிரினிடாட் தனி, பார்படோஸ் தனி, ஹைட்டி தனி. ஒவ்வொன்றுக்கும் சொந்த சங்கம், சொந்த லீக், சொந்த கிளப்புகள். ஹைட்டியில் கிரிக்கெட் என்ற பேச்சே இல்லை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாடு, மக்கள் பேசுவது ஹைட்டியக் கிரியோல். அங்கே கால்பந்துதான் எல்லாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தென் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கும் சுரிநாம், கயானா போன்ற நாடுகளும் கால்பந்தில் கரீபியக் கணக்கில்தான் வரும். கீழே சுரிநாம் கிளப்புகளின் பெயர் வரும்போது குழம்ப வேண்டாம்.

சரி, போட்டிக்கு வருவோம். கான்ககாஃப் 1961-இல் ஆரம்பிக்கப்பட்டது, அடுத்த வருடமே அதன் கிளப் சாம்பியன் போட்டி தொடங்கிவிட்டது. முதல் கோப்பை மெக்சிகோவின் குவாதலஹாராவுக்கு. இங்கே சிக்கல் என்னவென்றால், கனடாவிலிருந்து பனாமா வரைக்கும் ஒரு பக்கம், கடல் நடுவே சிதறிக் கிடக்கும் தீவுகள் இன்னொரு பக்கம். எல்லாரையும் எல்லாரோடும் ஆட வைக்க அந்தக் காலத்தில் யாரிடமும் பணம் இல்லை. அதனால் வட அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும் ஒரு பிரிவு, கரீபியன் இன்னொரு பிரிவு என்று பிரித்து, கடைசியில் இரண்டு பக்கத்திலும் மேலே வந்தவர்களை மோத விடுவது பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. இறுதிப் போட்டி என்றால் இரண்டு ஆட்டம், உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று, இரண்டு ஸ்கோரையும் கூட்டி யாருக்கு அதிகமோ அவர்கள் சாம்பியன்.

காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நடைமுறையில் இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் தேதி குறிப்பது யார் என்பதில்தான் எல்லாம் சொதப்பும். இன்றைக்கு ஒரு சீசன் தொடங்கும் முன்பே ஆட்ட நாட்களைக் கூட்டமைப்பு அறிவித்துவிடுகிறது, வராதவர்களுக்கு அபராதம். அன்றைக்கு ‘நீங்களே பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்’ என்று இரண்டு கிளப்புகள் தலையிலேயே கட்டிவிடுவது சாதாரணம். மெக்சிகோ கிளப்புக்குத் தன் உள்ளூர் லீக்தான் முக்கியம், அதில்தான் டிக்கெட் விற்கும். எதிரே கரீபியக் கிளப்பில் இருப்பவர்கள் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், நினைத்தபோது லீவு கிடைக்காது. ஒருவர் ஏப்ரல் என்பார், இன்னொருவர் ஜூன் என்பார். கடைசியில் ஒரு தரப்பு விலகும், அல்லது விலக்கப்படும். எதிராளி களத்துக்கு வராததால் கிடைக்கும் இந்த வெற்றிக்குத்தான் வாக்ஓவர் என்று பெயர்.

இனி பட்டியலைப் பாருங்கள். கரீபிய கிளப்புகள் இந்தக் கோப்பையை ஆறு தடவை எடுத்திருக்கின்றன. 1963-இல் ஹைட்டியின் ரேசிங் கிளப்: இறுதிக்கு வர வேண்டிய குவாதலஹாரா வந்து ஆடவில்லை. 1973-இல் சுரிநாமின் டிரான்ஸ்வால்: கோஸ்டா ரிகாவின் சப்ரிஸா விலகிக்கொண்டது. 1978-இல் இன்னும் விசித்திரம், டிரினிடாட்டின் டிஃபென்ஸ் ஃபோர்ஸ், குவாதமாலாவின் கோமுனிகாசியோனெஸ், மெக்சிகோவின் குவாதலஹாரா பல்கலைக்கழக அணி மூன்றுக்கும் தேதி ஒத்துவராமல் மூன்றையுமே கூட்டு சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். 1984 வியோலெட். ஆக நாலு கோப்பை இறுதி ஆட்டம் இல்லாமலேயே வந்தது. மைதானத்தில் இறங்கி இறுதியை ஜெயித்தது இரண்டே இரண்டு. 1981-இல் டிரான்ஸ்வால் எல் சால்வடோரின் அத்லெதிகோ மார்த்தேயை வென்றது, 1985-இல் டிஃபென்ஸ் ஃபோர்ஸ் சொந்த ஊரில் 2-0 என ஜெயித்து, ஹோண்டுராஸுக்குப் போய் ஒலிம்பியாவிடம் 0-1 என்று தோற்று, கூட்டிக் கழித்து 2-1 என்று கோப்பையைத் தூக்கியது.

இந்தக் கணக்கில் எனக்கு இன்றும் ஆறாத ஒரு வருத்தம் சுரிநாமின் ராபின்ஹூட் கிளப்தான். 1972, 1976, 1977, 1982, 1983 என்று ஐந்து தடவை இறுதிவரை வந்து, ஐந்து தடவையும் ஆடித் தோற்றது. ஒரு தடவைகூட எதிராளி வராமல் போகவில்லை. அவர்கள் கிளப்பின் அலமாரியில் அந்தக் கோப்பை இல்லை. ஆடாதவர்களுக்குக் கிடைத்திருக்கிறது, ஆடியவர்களுக்கு இல்லை. இதில் வியோலெட்டைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை, அவர்கள் கரீபியப் பிரிவில் மேலே வந்து எதிராளிக்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். எதிர்ப் பிரிவில் மிச்சமிருந்தவை குவாதலஹாராவும், நியூயார்க்கில் குடியேறிய சைப்ரஸ் நாட்டவர்கள் நடத்திய பான்சிப்ரியன் ஃப்ரீடம்ஸ் என்ற கிளப்பும். இந்த இரண்டும் தங்களுக்குள் எப்போது ஆடுவது என்று முடிவு செய்ய முடியாமல் இழுத்து, இரண்டுமே போட்டியிலிருந்து நீக்கப்பட்டன. மிஞ்சியது ஹைட்டிக்காரர்கள் மட்டும்.

அப்படியானால் வியோலெட் என்ன, ஒப்புக்குச் சப்பாணியா? இல்லவே இல்லை. கிளப்பின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

வியோலெட் தொடங்கியது 1918-இல். அந்தத் தேதியே பேசும். 1915-இல் அமெரிக்கக் கடற்படை ஹைட்டியில் இறங்கியது, 1934 வரை நாடு அமெரிக்க ராணுவத்தின் பிடியில். அடிமைகளாக இருந்தவர்களே போராடி பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்து 1804-இல் சுதந்திரம் வாங்கிய நாடு அது. நூறு வருஷம் கழித்து வேறொரு ராணுவம் வந்து உட்கார்ந்திருந்த காலத்தில், தலைநகரின் இளைஞர்கள் கிளப் ஆரம்பித்து கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து 1923-இல் ரேசிங் கிளப் வந்தது. அன்றிலிருந்து இந்த இரண்டும்தான் போர்ட் ஓ பிரின்ஸின் பழம்பெரும் எதிரிகள். ரேசிங்குக்குக் கிழச் சிங்கம் என்று பட்டப்பெயர், வியோலெட்டுக்குக் கிழப் புலி. ஊரை இரண்டாகப் பிரித்து ஆட விடுவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர்கள் கிடைக்காது.

இவர்கள் மோதிக்கொண்ட மைதானத்துக்குப் பெயர் சில்வியோ காட்டர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் வெள்ளி வாங்கி, அதே வருஷம் பாரிஸில் 7.93 மீட்டர் தாண்டி உலக சாதனையும் செய்தவர் காட்டர். அவர் கால்பந்தும் ஆடினார், பிற்பாடு தலைநகரின் மேயராகவும் இருந்தார். நாட்டின் பெரிய ஆட்டங்கள் எல்லாம் அங்கேதான். லீக்கில் பல கிளப்புகளுக்கும் அதுதான் களம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த மைதானத்துக்கு நடந்ததுதான் இந்தக் கதையின் பிற்பகுதி.

அப்புறம் டுவாலியே காலம். அப்பா பிரான்சுவா டுவாலியே 1957-இல் பதவிக்கு வந்தார், 1971-இல் அவர் இறந்ததும் மகன் ஜான் குளோத் வந்து 1986 வரை ஆண்டார். இருவரும் சர்வாதிகாரிகள்தான், ஆனால் மகனுக்குக் கால்பந்துப் பைத்தியம். அரசுப் பணமும் செல்வாக்கும் ஆட்டத்துக்குள் பாய்ந்தன. 1973-இல் உலகக் கோப்பைக்கான கடைசித் தகுதிச் சுற்று முழுவதும் போர்ட் ஓ பிரின்ஸிலேயே நடந்தது, டிரினிடாட்டுக்கு எதிரான ஆட்டத்தில் டிரினிடாட் அடித்த கோல்கள் வரிசையாக ரத்து செய்யப்பட்டு ஹைட்டி 2-1 என்று ஜெயித்தது. டிரினிடாட்காரர்கள் இன்றுவரை அதை மறக்கவில்லை, மறக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஹைட்டி 1974 உலகக் கோப்பைக்குப் போனது.

நடுவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அந்த அணியில் ஆடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம். அதில் கணிசமான பேர் வியோலெட் ஆட்கள். நடுக்கள ஆட்டக்காரர் ஃபிலிப் வோர்ப் அவர்களில் ஒருவர். 1974 ஜூன் 15, மியூனிக், எதிரே இத்தாலி. இத்தாலியின் கோல்கீப்பர் டினோ ஸோஃப் சர்வதேச ஆட்டங்களில் தொடர்ந்து 1142 நிமிடங்கள் ஒரு கோல்கூட விடாமல் நின்றிருந்தார். முதல் பாதி 0-0. இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு பந்து வோர்ப் காலுக்கு வருகிறது. நிமிர்ந்து பார்த்து, இத்தாலியின் தடுப்பு வரிசைக்கு நடுவே ஒரே ஒரு பாஸை நேராகப் பாய்ச்சுகிறார். டான் பாஸ்கோ கிளப்பின் இளைஞர் எம்மானுவேல் சானோன் அதைத் துரத்தி ஓடுகிறார், கூடவே ஓடிவரும் தடுப்பாட்டக்காரர் ஸ்பினோசியால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஸோஃப் முன்னால் வந்து மறிக்கிறார், சானோன் அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் காலி கோலில் தட்டிவிடுகிறார். ஹைட்டி 1, இத்தாலி 0. கொஞ்ச நேரத்தில் இத்தாலி சுதாரித்துக்கொண்டு 3-1 என்று ஜெயித்துவிட்டது. ஆனாலும் அந்த ஓட்டத்தை ஹைட்டியில் தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்கிறார்கள். கோல் அடித்த சானோனுக்குப் போன பெயரில் பாதியாவது பாஸ் கொடுத்த வோர்ப்புக்கும் சேர வேண்டும் என்பேன். அந்தப் பாஸைப் பாருங்கள், புரியும்.

அதே ஆட்டத்தின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வியோலெட்டின் தடுப்பாட்டக்காரர் எர்ன்ஸ்ட் ஜான் ஜோசப் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார், உலகக் கோப்பையில் அப்படிச் சிக்கிய முதல் ஆள். ஆஸ்துமாவுக்குச் சாப்பிட்ட மாத்திரை என்றார் அவர், அணி மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. சொந்த நாட்டு அதிகாரிகளே அவரை அடித்து இழுத்துக்கொண்டு போய் விமானத்தில் ஏற்றினார்கள். சர்வாதிகாரியின் பணத்தில் ஆடும் அணி தோற்கலாம், அவமானப்படுத்தக் கூடாது, அதுதான் அன்றைய விதி. அவர் உயிரோடு தப்பித்து மறுபடி ஆட வந்தார் என்பது ஒரு நிம்மதி. பத்து வருஷம் முன்பு ஜோ கெட்ஜென்ஸுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 1950 உலகக் கோப்பையில் அமெரிக்க அணிக்காக இங்கிலாந்தைத் தோற்கடித்த அந்த ஒரே கோலை அடித்த ஹைட்டிக்காரர் அவர், 1964-இல் டுவாலியே ஆட்கள் பிடித்துப் போனார்கள், திரும்பி வரவில்லை.

இந்தப் பின்னணியோடு 1984-ஐ மறுபடி பார்த்தால் வேறு மாதிரி தெரியும். அதற்கு முந்தைய வருடம் உள்நாட்டு லீக்கை வென்ற அணி, உலகக் கோப்பை ஆட்டக்காரர்களை வளர்த்து அனுப்பிய கிளப். இறுதியில் யாராவது வந்திருந்தால் ஜெயித்திருப்பார்களா தோற்றிருப்பார்களா என்று சொல்ல யாராலும் முடியாது. அதைக் காட்டும் வாய்ப்பை அவர்களிடமிருந்து பறித்தது மற்ற இரண்டு கிளப்புகளின் இழுபறி. வாக்ஓவரில் ஜெயித்தவனுக்கும் நஷ்டம் உண்டு என்பதை நாம் யோசிப்பதில்லை.

அதன் பிறகான காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1990-களில் லீக் பட்டங்கள் வந்தன, பிறகு சறுக்கல். மெக்சிகோ கிளப்புகளின் கையில் பணம் பெருகப் பெருக, 1996-இல் அமெரிக்காவில் எம்எல்எஸ் லீக் தொடங்கியதும் கரீபிய கிளப்புகள் பந்தயத்திலேயே இல்லாமல் போயின. 1985-க்குப் பிறகு ஒரு கரீபிய கிளப்கூட அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. காரணம் திறமைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் ஆடத் தெரிந்த பையன் பதினெட்டு, இருபது வயதிலேயே அமெரிக்காவுக்கோ பிரான்ஸுக்கோ போய்விடுகிறான், போகவும்தான் வேண்டும். உள்ளூர் கிளப்பின் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. டிரினிடாட்டின் டிஃபென்ஸ் ஃபோர்ஸ் நீண்ட காலம் தாக்குப்பிடித்ததற்கு அது ராணுவ அணி என்பது ஒரு பெரிய காரணம், வீரர்களுக்கு மாதச் சம்பளம் அரசிடமிருந்து வரும். வியோலெட்டுக்கு அப்படிப்பட்ட முதுகெலும்பு கிடையாது.

2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் ஹைட்டி கால்பந்துச் சங்கத்தின் கட்டடம் இடிந்து உள்ளே இருந்த 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயிற்சியாளர்கள், நடுவர்கள், அலுவலர்கள் என்று ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஒரு தலைமுறையே போய்விட்டது. சில்வியோ காட்டர் மைதானத்தில் வீடு இழந்தவர்கள் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். 2021 ஜூலையில் அதிபர் ஜோவனெல் மொயீஸ் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார், தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் கைக்குப் போனது, லீக் நின்றுபோனது.

இப்போதுதான் நான் சொல்ல விரும்பிய கட்டத்துக்கு வருகிறேன். 2022 மே மாதம் கரீபிய கிளப் சாம்பியன் போட்டி டொமினிக்கன் குடியரசில் நடந்தது. ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் ஒரே தீவைப் பங்கு போட்டிருக்கும் அண்டை நாடுகள். வியோலெட் இறுதிக்கு வந்து, உள்ளூர் அணியான சிபாவோவை அதன் சொந்த மைதானத்தில் பெனால்டி ஷூட்அவுட்டில் வீழ்த்தியது. பரிசாக 2023 கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீக்கில் (அந்தப் பழைய கிளப் சாம்பியன் போட்டியின் அப்போதைய பெயர்) இடம். எதிராளி அமெரிக்காவின் ஆஸ்டின் எஃப்சி, அதற்கு முந்தைய சீசனில் எம்எல்எஸ் மேற்குப் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணி.

இடையில் ஏறக்குறைய பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் வியோலெட் ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடவில்லை. ஆட லீக் இல்லை. கால்பந்து ஆடியவர்களுக்குத் தெரியும், பயிற்சி எவ்வளவு செய்தாலும் போட்டி ஆட்டத்தின் மூச்சு வேறு, எழுபதாவது நிமிடத்தில் கால் சொன்ன பேச்சு கேட்காது. ஹைட்டியில் ஆட முடியாததால் அவர்களுடைய ‘சொந்த மண்’ ஆட்டமே எல்லை தாண்டி, டொமினிக்கன் குடியரசின் சாந்தியாகோ நகரில்.

2023 மார்ச் 7. வியோலெட் 3, ஆஸ்டின் 0.

ஸ்கோரைப் பார்த்துவிட்டு அச்சுப் பிழை என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். ஒரு வாரம் கழித்து டெக்சாஸில் இரண்டாவது ஆட்டம். விசா கிடைக்காததால் சில வீரர்களை விட்டுவிட்டுத்தான் வியோலெட் போக வேண்டியிருந்தது. இருப்பவர்களை வைத்துக்கொண்டு எதிராளியின் மைதானத்தில் தொண்ணூறு நிமிடமும் தடுத்து ஆடினார்கள். ஆஸ்டின் இரண்டு கோல் போட்டது, மூன்றாவது வரவே இல்லை. இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் 3-2, வியோலெட் அடுத்த சுற்றுக்கு. காலிறுதியில் மெக்சிகோவின் லியோன் அவர்களை வெளியேற்றியது, அந்த லியோன்தான் அந்த வருடக் கோப்பையையும் எடுத்தது.

அதிகாரப்பூர்வப் பட்டியலில் 2023-க்கு நேரே வியோலெட் பெயர் இருக்காது. என்னைக் கேட்டால் கிளப்பின் நூறு வருஷத்தில் மிகப் பெரிய வெற்றி இதுதான். எதிராளி வந்தான், முழு இரண்டு ஆட்டமும் நடந்தது, லீக் இல்லாத, மைதானம் இல்லாத, விசா இல்லாத அணி ஜெயித்தது.

இப்போது நிலைமை என்ன என்று கேட்பீர்கள். 2024 தொடக்கத்தில் ஆயுதக் கும்பல்கள் சில்வியோ காட்டர் மைதானத்துக்குள்ளேயே புகுந்துவிட்டன. போட்டி அமைப்பு மட்டும் முன்பைவிட ஒழுங்காகியிருக்கிறது. 2023 முதல் கான்ககாஃப் கரீபியன் கோப்பை என்று ஒன்று நடக்கிறது, பத்து கிளப்புகள், ஐந்து ஐந்தாக இரண்டு குழுக்கள், ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி வருடக் கடைசியில் முடியும். முதல் மூன்று இடம் பிடிப்பவர்கள் கண்டத்தின் பெரிய போட்டிக்குப் போவார்கள், சாம்பியனுக்கு ஒரு சுற்று விலக்கும் உண்டு. தேதிகளைக் கூட்டமைப்பே முடிவு செய்கிறது, அதனால் 1984 மாதிரி காலி கட்டம் இனி வராது. முதல் கோப்பையை எடுத்தது யார் தெரியுமா? ராபின்ஹூட். ஐந்து இறுதி தோற்ற அதே சுரிநாம் கிளப். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வருடம் ஜமைக்காவின் கவேலியர் ஜெயித்தது, அதனால் 2025 மார்ச்சில் மெஸ்ஸியின் இண்டர் மயாமி கிங்ஸ்டனுக்கு வந்து ஆட வேண்டியிருந்தது. கவேலியர் தோற்றது, மெஸ்ஸியும் ஒரு கோல் அடித்தார், ஆனால் ஒரு தீவின் சின்ன கிளப்பைப் பார்க்க நாடே தேசிய மைதானத்துக்கு வந்தது.

புதிதாகப் பின்தொடர ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்வேன். கரீபிய கிளப்பின் ஸ்கோரைப் பார்த்தால் கூடவே ஆட்டம் எந்த ஊரில் நடந்தது என்பதையும் பாருங்கள். ‘சொந்த மண்’ என்று போட்டிருக்கும், ஆனால் ஆட்டம் நடந்தது பக்கத்து நாட்டில் இருக்கும். மைதானம் கூட்டமைப்பின் தரத்துக்கு இல்லை என்பதால் இருக்கலாம், ஹைட்டி மாதிரி நாட்டுக்குள் போகவே முடியாததால் இருக்கலாம். அப்படிப்பட்ட அணிக்கு இரண்டு ஆட்டமுமே வெளியூர் ஆட்டம்தான். 0-1 என்ற தோல்விக்கும் அதற்கேற்ற மதிப்பைத் தர வேண்டும்.

கிளப்புக்கு மட்டும் இந்த நிலை என்று நினைக்க வேண்டாம். ஹைட்டி தேசிய அணியும் 2021-க்குப் பிறகு சொந்த நாட்டில் ஆடவில்லை. 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அவர்களின் ‘சொந்த’ ஆட்டங்கள் குராசாவ் தீவின் வில்லம்ஸ்டட் நகரில் நடந்தன. 2025 நவம்பர் 18 அன்று அங்கே நிகராகுவாவை 2-0 என்று வென்று, 1974-க்குப் பிறகு முதல் தடவையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். 1803-இல் பிரெஞ்சுப் படையைக் கடைசியாகத் தோற்கடித்த வெர்த்தியேர் போரும் ஒரு நவம்பர் 18-இல்தான். போர்ட் ஓ பிரின்ஸில் அன்றிரவு மக்கள் தெருவுக்கு வந்து ஆடினார்கள். குழுவில் பிரேசில், மொராக்கோ, ஸ்காட்லாந்து. ஆட்டங்கள் அமெரிக்காவில். அமெரிக்கா 2025 ஜூனில் அறிவித்த பயணத் தடைப் பட்டியலில் ஹைட்டியும் இருக்கிறது. வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் அதில் விலக்கு உண்டு. ஹைட்டியிலிருந்து ஆட்டம் பார்க்க வர நினைக்கும் ரசிகர்களுக்கு இல்லை.